அக்காவை யாரும் ஊதச் சொல்லலை

சம்பா அறுப்பு முடிஞ்சு, நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு வந்து இப்பத்தான் உக்கார்ந்தேன். இந்தத் தடவை வயலைப் பத்தி எழுதப் போறதில்லை. ஆனா ஆரம்பம் நெல்லுலதான் இருக்கு.

கொள்முதல் நிலையத்துல ஒரு சின்ன மிஷின் வச்சிருப்பாங்க. நம்ம மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி நெல்லை எடுத்துப் போட்டா ஈரப்பதம் எவ்வளவுன்னு நம்பர் காட்டும். 17-க்கு மேல போனா, "காய வச்சு எடுத்துட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. முப்பது வருஷமா நெல்லைப் பல்லுல கடிச்சுப் பார்த்தே காய்ச்சல் சொல்ற ஆளு நான். இருந்தாலும் என் பல்லை யாரும் நம்ப மாட்டாங்க, மிஷினைத்தான் நம்புவாங்க. அது சரியும்கூட. பல்லு ஏமாத்தும்.

வரிசையில நிக்கும்போது எனக்கு எங்க அக்கா ஞாபகம் வந்துச்சு. என் நெல்லுல எவ்வளவு ஈரம்னு பார்க்க ஒரு மிஷின் இருக்கு. எங்க அக்கா மார்ல எவ்வளவு காத்து போய் வருதுன்னு பார்க்கவும் ஒரு மிஷின் இருக்கு. ஆனா அவ அறுபத்தி மூணு வயசு வரைக்கும் அதைக் கண்ணால பார்த்ததில்லை. எட்டு வருஷமா அவளைப் பார்த்த எல்லாருமே நெல்லைக் கடிச்சுப் பார்க்கிற மாதிரிதான் பார்த்திருக்காங்க. அதுல நானும் ஒருத்தன்.

நாங்க பொன்னேரி பக்கம். அக்காவைக் காசிமேட்டுல கட்டிக் கொடுத்தோம். மாமாவும் எங்க ஊர்க்காரர்தான். நிலம் இல்லாம பிழைக்கப் போன குடும்பம். ஹார்பர்ல மூட்டை, நிலக்கரி, இரும்புத் தாதுன்னு எது வந்தாலும் இறக்கி ஏத்துற கூலி வேலை. அக்கா மீன்பிடித் துறைமுகத்துக்குப் போற வழியில இட்லிக் கடை போட்டா. விசைப்படகு கரைக்கு வந்து ஏலம் விடறது விடியறதுக்கு முன்னாடி. அதனால ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் அடுப்பு எரியணும். கேஸ் கட்டுப்படியாகாதுன்னு பழைய பெட்டி மரம், உடைஞ்ச படகுப் பலகை, மரத்தூள், எது கிடைச்சாலும் அதுதான் எரிச்சா. மேல தகரம், மூணு பக்கமும் தார்ப்பாய். கடல் காத்து உள்ள வரக்கூடாதுன்னு கட்டின தார்ப்பாய், புகையையும் வெளிய விடலை. இருபத்தி எட்டு வருஷம் அந்தப் புகைக்குள்ளதான் இருந்தா.

மாமா பீடி குடிப்பார். நாளைக்கு ரெண்டு கட்டு. அம்பது வயசுலயே இருமல் ஆரம்பிச்சுடுச்சு. காலையில எழுந்ததும் அரை மணி நேரம் இருமிச் சளியைத் துப்பினாத்தான் அவருக்குப் பொழுது விடியும். "பீடிக்காரன் இருமல்"னு எல்லாரும் சொன்னோம், அவரும் சொல்லிக்கிட்டார். அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. ஒரு தனியார் கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு டிபின்னு ஆறு மாசம் மாத்திரை கொடுத்தாங்க. சளிப் பரிசோதனையில கிருமி இல்லை. இருந்தாலும் மாத்திரை. ரெண்டு வருஷம் கழிச்சு வேற இடத்துல மறுபடியும் அதே மாதிரி. கடைசியில ஒரு ராத்திரி உதடு நீலமாப் போய் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினப்பதான், அங்கே ஆளைத் தேத்தி, ஒரு குழாயில ஊத வச்சுப் பார்த்து, "இது டிபி இல்லைங்க, சி.ஓ.பி.டி."ன்னாங்க. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அப்ப அவர் நுரையீரல்ல கால்வாசிதான் வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மூணு வருஷம் இருந்தார். போயிட்டார்.

அவங்க வீடு குடியிருப்புல ரெண்டாவது மாடி. நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன், மாமாவும் அக்காவும் ஆஸ்பத்திரி போயிட்டு வந்தா ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்துலயும் நிப்பாங்க. அக்கா அவர் தோளைப் பிடிச்சுக்கிட்டு, "மெதுவா வா, என்ன அவசரம்"னு சொல்லுவா. புருஷனுக்காக நிக்கிறான்னுதான் நான் நினைச்சேன். மாமா போன பிறகும் அவ அதே திருப்பத்துல அதே மாதிரி நின்னா. அப்பவும் எனக்கு உறைக்கலை. பழக்கதோஷம்னு விட்டுட்டேன்.

போன மார்கழியில ஊருக்கு வந்தா. பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்க வீட்டுக்கு வரப்பு வழியா ஒரு அரை கிலோமீட்டர் இருக்கும். மூணு இடத்துல நின்னு, "இது என்ன நெல்லுடா, எப்ப நட்டே, எத்தனை மூட்டை வரும்"னு கேட்டா. எங்க அக்கா பிறந்ததிலிருந்து நெல் ரகத்தைப் பத்திக் கேட்டவ இல்லை. மூணாவது தடவைதான் திரும்பி அவ முகத்தைப் பார்த்தேன். வாயை விசில் அடிக்கிற மாதிரி குவிச்சு மெதுவா மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா. கழுத்து நரம்பு புடைச்சிருந்துது. மாமாவும் கடைசி வருஷங்கள்ல இப்படித்தான் மூச்சு விட்டார். வாயைக் குவிச்சு விட்டா உள்ள மாட்டிக்கிட்ட காத்து கொஞ்சம் சுலபமா வெளிய வரும். யாரும் சொல்லித் தராமலே உடம்பு அதைக் கத்துக்குது.

"எத்தனை வருஷமாக்கா?"ன்னு கேட்டேன். "வயசாகுதில்ல"ன்னா.

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவு எழுதறேன். வயசானா முடி நரைக்கும், கண்ணு மங்கும். எழுபது வயசுல எங்க பக்கத்து நிலத்துக்காரர் இன்னும் களை எடுக்கிறார். சமதரையில நடக்கிறதுக்கு மூச்சு வாங்குறது வயசு இல்லை. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதைக் கண்டுபிடிக்கணும்.

கூட்டிக்கிட்டு அலைஞ்சேன். முதல்ல பார்த்த டாக்டர் ரத்தம் கம்மின்னு டானிக் கொடுத்தார். ரெண்டாவது இடத்துல ஆஸ்துமான்னு மாத்திரை. ரெண்டு இடத்துலயும் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "வீட்ல யாராவது சிகரெட், பீடி குடிப்பாங்களா?" "எங்க வீட்டுக்காரர் குடிப்பார், அவர் இப்ப இல்லை"ன்னு அக்கா சொல்லுவா. அதோட முடிஞ்சுடும். மூணாவதா ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போனோம். சின்ன வயசு டாக்டரம்மா. "என்ன வேலை பார்த்தீங்கம்மா?"ன்னு கேட்டாங்க. இட்லிக் கடைன்னதும், "எந்த அடுப்பு? தினம் எத்தனை மணி நேரம்? எத்தனை வருஷம்?"ன்னு வரிசையாக் கேட்டாங்க. எட்டு வருஷத்துல அக்காவோட அடுப்பைப் பத்திக் கேட்ட முதல் ஆள் அவங்கதான்.

அப்புறம் ஊதச் சொன்னாங்க. அந்தப் பரிசோதனைக்கு ஸ்பைரோமெட்ரின்னு பேரு. பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். நாற்காலியில நிமிர்ந்து உக்காரணும். மூக்குல ஒரு கிளிப் போடுவாங்க. வாயில ஒரு குழாய். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வேகத்துல 'பூ'ன்னு ஊதணும், ஊதிட்டு விட்டுடாம உள்ள இருக்கிறது காலியாகிற வரைக்கும் ஆறு செகண்டுக்கு மேல தம் கட்டி ஊதிக்கிட்டே இருக்கணும். பக்கத்துல நிக்கிறவங்க, "இன்னும், இன்னும், இன்னும்"னு கத்துவாங்க. ஏர் பிடிச்சு மாட்டை ஓட்டற மாதிரி இருக்கும். இதை மூணு தடவையாவது செய்யணும். அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தை உறிஞ்சக் கொடுத்து, கால் மணி நேரம் உக்கார வச்சு, மறுபடியும் ஊதச் சொல்லுவாங்க.

அதுல என்ன பார்க்கிறாங்கன்னா, நாம மொத்தமா வெளிய விடற காத்துல முதல் ஒரு செகண்டுல எவ்வளவு வந்துடுதுன்னு. நல்ல நுரையீரல்னா நூத்துக்கு எழுபதுக்கு மேல முதல் செகண்டுலயே வந்துடும். மருந்து உறிஞ்சின பிறகும் எழுபதுக்குக் கீழேயே நின்னா, குழாய்கள்ல அடைப்பு இருக்குன்னு அர்த்தம். வாய்க்கால்ல மண் மேவிட்டா தண்ணி நிக்காம வரும், ஆனா கடைமடைக்குப் போக நேரமாகும் இல்லையா, அது மாதிரி. அக்காவுக்கு அம்பத்தி நாலு வந்துச்சு.

ஆஸ்துமாவுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியறதும் இந்த ரெண்டாவது ஊதல்லதான் பெரும்பாலும். ஆஸ்துமான்னா மருந்து போனதும் குழாய் நல்லா விரிஞ்சுக்கும், நம்பர் ஏறும். ஆஸ்துமா சின்ன வயசுலயே ஆரம்பிக்கலாம், ஒரு நாள் வரும் ஒரு நாள் போகும். இது நாப்பது வயசுக்கு மேல மெதுவா வந்து, போகாம தங்கி, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். எக்ஸ்ரேவை வச்சு இதைச் சொல்ல முடியாது. டிபி, கட்டி, நிமோனியா மாதிரி வேற எதுவும் இருக்கான்னு பார்க்கத்தான் எக்ஸ்ரே. கொரோனா காலத்துல எல்லாரும் வாங்கி வச்சோமே, விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர், அதையும் நம்ப முடியாது. அக்காவுக்கு அதுல 96 காட்டுச்சு. "ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு"ன்னு நானே சொல்லியிருக்கேன். நோய் பாதி தூரம் வந்த பிறகுகூட அந்த நம்பர் நல்லாவே இருக்கும்.

ஊதிப் பார்க்கிறது நேத்து வந்த கண்டுபிடிப்புன்னு நினைச்சுடாதீங்க. லண்டன்ல ஜான் ஹட்சின்சன்னு ஒரு மருத்துவர் 1840-கள்லயே தண்ணித் தொட்டியில ஒரு மணியைக் கவிழ்த்து வச்ச மாதிரி ஒரு கருவி செஞ்சு, ரெண்டாயிரம் பேருக்கு மேல ஊத வச்சு அளந்து 1846-ல எழுதி வச்சுட்டார். மாலுமி, போலீஸ்காரர்னு உழைக்கிற ஜனங்கதான் அதுல நிறைய. நூத்தி எழுபது வருஷத்துக்கு மேல ஆகுது. அந்தக் கருவி இப்ப ஒரு சின்ன டப்பா அளவுக்குச் சுருங்கிடுச்சு. ஆனா காசிமேட்டுல இட்லி சுட்ட ஒரு பொம்பளைகிட்ட அது வந்து சேரலை.

ரிசல்ட்டைக் கேட்டதும் அக்கா என்கிட்ட ரகசியமா, "நான் பீடியே தொட்டதில்லையேடா, அவரோடது எனக்கு ஒட்டிக்கிச்சா?"ன்னு கேட்டா. இது ஒட்டற நோய் இல்லை. ஆனா பாருங்க, பீடிக்காரன் வியாதின்னு ஊரே சொல்லி வச்சிருக்கிறதால, பீடி குடிக்காதவங்களுக்கு இந்தச் சந்தேகமே வர்றதில்லை. டாக்டருக்கும் சில நேரம் வர்றதில்லை.

எங்க திருவள்ளூர் மாவட்டத்துலயே இதைப் பத்தி ஆராய்ச்சி நடந்திருக்கு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரிக்காரங்க 45 கிராமங்கள்ல, முப்பது வயசுக்கு மேல, புகை பிடிக்காத 900 பெண்களைச் சோதிச்சு 2011-ல வெளியிட்டாங்க. நூத்துக்குக் கிட்டத்தட்ட ரெண்டரை பேருக்கு இந்த நோய் இருந்துச்சு. தினம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல சமையல்கட்டுல இருக்கிறவங்கள்ல நூத்துக்கு மூணு. கேக்க சின்ன நம்பரா இருக்கும். ஒரு ஊர்ல ஆயிரம் பொம்பளைங்க இருந்தா இருபத்தஞ்சு பேர். பீடியே தொடாத இருபத்தஞ்சு பேர்.

நாடு முழுக்க எடுத்த கணக்குல, 1990-ல 2 கோடியே 81 லட்சம் பேருக்கு இருந்த இந்த நோய், 2016-ல 5 கோடியே 53 லட்சம் பேருக்கு ஆயிடுச்சு. இந்த நோயால நம்ம ஜனங்க இழக்கிற ஆரோக்கியமான வருஷங்கள்ல பாதிக்கு மேல, வீட்டுக்குள்ளேயும் வெளியேயும் இருக்கிற காத்து மாசுதான் காரணம். புகையிலையோட பங்கு கால்வாசி. அப்படின்னா "பீடி குடிப்பீங்களா"ங்கிற ஒரு கேள்வியோட நிறுத்தறது, வயல்ல ஒரு மூலையை மட்டும் பார்த்துட்டுப் பூச்சி இல்லைன்னு சொல்ற மாதிரி.

வடசென்னையில அந்த வெளிக்காத்தும் சேருது. பொன்னேரியில ரயில் ஏறினா மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர்னு போகும். கண்ணை மூடிக்கிட்டு வந்தாலும் எந்த ஸ்டேஷன்னு மூக்கே சொல்லும். எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-ல ஆரம்பிச்சு 2017-ல மூடற வரைக்கும் புகை விட்டுச்சு. அதுக்குப் பக்கத்துல வந்த மத்த அனல் மின்நிலையங்கள் இன்னும் ஓடுது. சென்னைத் துறைமுகத்துல நிலக்கரித் தூசி தாங்கலைன்னு ஜனங்க வழக்குப் போட்டு, உயர் நீதிமன்ற உத்தரவால 2011-ல நிலக்கரி, இரும்புத் தாது கையாளறதை நிறுத்தினாங்க. நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போச்சு. ராயபுரத்துக்காரன் மூச்சு விட்டான், எண்ணூர்க்காரன் இருமினான். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல ஒரு உரத் தொழிற்சாலைக்குக் கடல் வழியா வர்ற குழாயில அமோனியா கசிஞ்சு, ஜனங்க கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமா வீட்டை விட்டு ஓடினதைப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

இதை எழுதும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்லணும். என் பம்ப்செட்டுக்கு இலவசக் கரன்ட். அது எங்கிருந்து வருது? என் வயலுக்குக் காம்ப்ளெக்ஸ் உரம் வேணும். அதுக்கு அமோனியா வேணும். உங்க ஏ.சி.க்கும் கரன்ட் வேணும். நாம எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் சுகப்படறதுக்கு அந்தக் கரையோர ஜனங்க மூச்சைக் கொடுத்துக்கிட்டு இருக்காங்க. அதனால அவங்க மூச்சை அளந்து பார்க்கிறது தர்மம் இல்லை, கடன்.

இப்ப என் கோரிக்கையைச் சொல்லிடறேன். நாப்பது வயசுக்கு மேல, இருமலோ சளியோ மூச்சு வாங்கறதோ மாசக்கணக்குல இருக்கிற யார் வந்தாலும், அவங்க பீடி குடிச்சாலும் குடிக்காட்டியும், ஒரு தடவையாவது ஊத வச்சுப் பார்க்கணும். அது பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துலயே, நகர்ப்புற சுகாதார நிலையத்துலயே நடக்கணும். ஓ.பி. சீட்டுல பீடி, சிகரெட்டுன்னு எழுதற இடத்துக்குப் பக்கத்துல 'அடுப்பு', 'வேலை'ன்னு ரெண்டு வார்த்தை சேர்க்கணும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல வந்ததிலிருந்து எங்க ஊர்ல ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசல்ல வந்து பார்க்கிறாங்க. நல்ல திட்டம், குறை சொல்லலை. அந்தப் பெண்கள் கொண்டு வர்ற பையில பி.பி. பார்க்கிற மிஷின் பார்த்திருக்கேன், சர்க்கரை பார்க்கிற மிஷின் பார்த்திருக்கேன். ஊதற குழாயை நான் பார்த்ததில்லை.

இதுக்கு எதிரா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த டாக்டரம்மாகிட்டயே கேட்டேன்.

ஒண்ணு, மிஷின் வாங்கி வச்சா மட்டும் போதாது, ஊத வைக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். அரைகுறையா ஊதினா நம்பர் தப்பா வரும். ரொம்ப வயசானவங்களுக்கு நோய் இல்லாமலே அந்த எழுபது கொஞ்சம் குறையலாம், அதனால நம்பரை மட்டும் பார்க்காம ஆளையும் பார்க்கணும். உண்மைதான். பயிற்சி கொடுங்க. ஈரப்பதம் பார்க்கிறவருக்குக் கொடுக்கலையா?

ரெண்டு, எல்லாரையும் வரிசையில நிறுத்தி ஊத வைக்க முடியுமா? வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவங்களைக் கூப்பிட்டு ஊத வைக்கணும்னு நான் கேக்கலை. தொந்தரவோட வாசலுக்கு வர்றவங்களைச் சும்மா திருப்பி அனுப்பாதீங்கன்னுதான் கேக்கறேன்.

மூணாவது கேள்வி எங்க ஊர்லயே கேட்டாங்க: "கண்டுபிடிச்சு என்ன ஆகப் போகுது, இது குணமாகாதாமே?" போன நுரையீரல் திரும்பி வராது, அது நிஜம். ஆனா மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். லண்டன்ல ஃப்ளெட்சர், பெட்டோன்னு ரெண்டு பேர் வேலைக்குப் போற ஆம்பளைங்களை எட்டு வருஷம் தொடர்ந்து பார்த்து 1977-ல சொன்னாங்க: புகையை விட்டவனுக்கு இழந்தது திரும்பலை, ஆனா அதுக்கப்புறம் குறையற வேகம் புகைக்காதவன் அளவுக்கு வந்துடுது. மாமாவுக்கு அம்பது வயசுல இந்த நம்பரைக் காட்டி, "இப்ப விட்டா இவ்வளவு மிச்சம்"னு யாராவது சொல்லியிருந்தா? விட்டிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா சொல்லவே இல்லையே. தேவையில்லாம ஒரு வருஷம் டிபி மாத்திரை தின்னதுதான் மிச்சம்.

அக்காவுக்கு இப்ப உறிஞ்சற மருந்து கொடுத்திருக்காங்க. மொதல்ல பயந்தா. "பஃப் போட்டா பழகிடும், விட முடியாது"ன்னு அக்கம்பக்கத்துல சொல்லிட்டாங்க. கண்ணாடி போட்டா பழகிடும்னு யாராவது போடாம இருக்காங்களா? மாத்திரையா முழுங்கினா உடம்பு முழுக்கச் சுத்துற மருந்து, இதுல கொஞ்சூண்டு நேரா நுரையீரலுக்குப் போகுது. பஃப்போட சேர்த்து ஒரு பிளாஸ்டிக் குடுவை கொடுத்தாங்க, அதுல அடிச்சு மெதுவா இழுக்கணும், இழுத்துட்டு வாயைக் கொப்புளிச்சுத் துப்பணும். இதை நர்ஸம்மா செஞ்சு காட்டி, அக்காவையும் செய்ய வச்சுப் பார்த்தாங்க. ஃபுளூ, நிமோனியா தடுப்பூசி பத்திச் சொன்னாங்க. தினம் கொஞ்சம் நடக்கச் சொன்னாங்க, உக்கார்ந்துட்டா கால் சதையும் போயிடுமாம். முக்கியமா அடுப்பை மாத்தச் சொன்னாங்க. கடையை இப்ப மருமக பார்க்கிறா, கேஸ் அடுப்பு. தார்ப்பாயை ரெண்டு பக்கம் அவிழ்த்துட்டோம்.

நகரத்துல இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உங்கள்ல நிறைய பேருக்கு ஊர்ல அம்மா இருப்பாங்க. இப்ப கேஸ் அடுப்புல சமைக்கிறாங்க, சரி. ஆனா முப்பது வருஷம் எதுல சமைச்சாங்க? வெந்நீருக்கு இன்னும் என்ன எரிக்கிறாங்க? அடுத்த தடவை போகும்போது கூட நடந்து பாருங்க. சம வயசுக்காரங்களோட நடக்க முடியாம பின்தங்கறாங்களா, நூறு அடி நடந்து கதை பேசற சாக்குல நிக்கிறாங்களா, படி ஏறினா கைப்பிடியைப் பிடிச்சுக் குனிஞ்சு நிக்கிறாங்களா, சேலை கட்டி முடிக்கவே மூச்சு வாங்குதான்னு கவனிங்க. வருஷத்துல மூணு மாசம் காலையில சளியோட இருமல், அடுத்த வருஷமும் அதே மாதிரின்னா அது 'பனி ஒத்துக்கலை' இல்லை. ஒவ்வொரு ஜலதோஷமும் நெஞ்சுல இறங்கி ரெண்டு மூணு வாரம் படுக்க வைக்குதுன்னா அதுவும் ஒரு அடையாளம்.

கேட்டா சொல்ல மாட்டாங்க. மூச்சு வாங்கற வேலையை ஒவ்வொண்ணா விட்டுட்டு, "இப்பல்லாம் எனக்கு அதுல இஷ்டமில்லை"ன்னு சொல்லிடுவாங்க. எங்க அக்கா கோயிலுக்குப் போறதை விட்டதுக்கு அதுதான் காரணம்னு இப்பத்தான் எங்களுக்குப் புரியுது. சாமி மேல கோவம்னு நினைச்சோம்.

மூச்சு வாங்கினாலே இந்த நோய்தான்னும் முடிவு கட்டிடாதீங்க. இதயக் கோளாறுக்கும் மூச்சு வாங்கும், ரத்தசோகைக்கும் வாங்கும். சளியில ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைக்கிறதுன்னா டிபிக்கும் மத்ததுக்கும் உடனே பார்க்கணும். உதடு நீலமாகி, பேச முடியாம, தூக்கக் கலக்கமா இருந்தா 108-தான். மத்தபடி நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போங்க. வடசென்னைக்காரங்களுக்கு ஸ்டான்லி இருக்கு, ஓட்டேரியில நெஞ்சக மருத்துவமனை இருக்கு, தெற்கே 1928-லேர்ந்து தாம்பரம் சானடோரியம் இருக்கு. போய், "டாக்டர், ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுக்கணுமா?"ன்னு நீங்களே கேளுங்க. அவங்க அடுப்பைப் பத்திக் கேக்கலைன்னா நீங்களே சொல்லுங்க. படிச்ச பிள்ளைங்க நீங்க கேட்டா ஒரு மதிப்பு இருக்கும். எங்க அக்காவுக்காக நான் எட்டு வருஷம் கேக்கலை.

போன வாரம் அக்கா போன் பண்ணினா. ரெண்டாவது மாடிக்கு ஒரே ஒரு இடத்துல நின்னு ஏறிட்டாளாம். "முன்ன ரெண்டு இடத்துல நிப்பேன்டா"ன்னா. மாமா போனதுக்கப்புறம் முதல் தடவையா அவ நின்னதை நின்னேன்னு ஒத்துக்கிட்டா. அடுத்த மாசம் மறுபடியும் ஊதறதுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நவரை நடவு இருக்கு, ஆள் கிடைக்கிறது கஷ்டம். இருந்தாலும் நான்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்.